ஃபிளாட் படங்கள்: எப்போது, எதைக் கொண்டு, எப்படி எடுப்பது?

டிஎஸ்எல்ஆர் கேமராவையோ குளிரூட்டும் வசதியுள்ள வானியல் கேமராவையோ தொலைநோக்கியில் பொருத்தி, நெபுலாக்களையும் விண்மீன் மண்டலங்களையும் (கேலக்ஸி) படம்பிடிக்கத் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. டார்க் (இரவுப் படத்தின் அதே எக்ஸ்போஷர் நேரத்துக்கு மூடி போட்டு எடுப்பது), பயஸ் (மூடி போட்டு மிகக் குறுகிய நேரத்தில் எடுப்பது), ஃபிளாட் என்ற மூன்று வகை அளவீட்டுப் படங்களில் டார்க்கை ஒழுங்காக எடுத்துவிட்டு, ஃபிளாட்டைத் தட்டிக்கழிப்பவர்களே அதிகம். என் கணக்கில் முன்னுரிமை நேர்மாறானது. இன்றைய சென்சார்கள் பலவற்றில் டார்க் இல்லாமலும் ஓரளவு சமாளித்துவிடலாம். ஃபிளாட் இல்லாத குறையை ஈடுகட்டுவது கடினம்.

ஃபிளாட் படம் என்றால் என்ன?

எங்கும் ஒரே அளவு வெளிச்சம் உள்ள ஒரு பரப்பை, இரவில் பயன்படுத்திய அதே தொலைநோக்கி, அதே கேமரா வழியாக எடுக்கும் படம். சீரான பரப்பைப் படம்பிடித்தால் எல்லாப் பிக்சல்களிலும் ஒரே மதிப்பு வந்திருக்க வேண்டும். வராது. ஒளிப்பாதையின் விளிம்புகள் மறைப்பதால் மூலைகள் இருண்டிருக்கும். சென்சாருக்கு அருகே உள்ள கண்ணாடிகளில் படிந்த தூசி வட்ட வட்டமாக நிழல் போட்டிருக்கும். பிக்சலுக்குப் பிக்சல் உணர்திறனும் சற்று மாறுபடும். இந்த மூன்று குறைகளும் இரவுப் படத்தில் எந்த அளவில் உள்ளனவோ, அதே அளவில் ஃபிளாட்டிலும் பதிவாகின்றன.

அதன் பிறகு மென்பொருள் செய்வது வெறும் வகுத்தல்தான். படத்தின் மையத்துக்கு வரும் ஒளியில் 70 சதவீதம்தான் மூலைக்கு வருகிறது என்று ஃபிளாட் காட்டினால், இரவுப் படத்தின் மூலை மதிப்புகளை 0.7ஆல் வகுத்து உரிய அளவுக்கு உயர்த்துகிறது. ஃபிளாட் ஒரு அளவீடு என்பதை மனத்தில் கொண்டால், பின்வரும் விதிகள் பலவற்றை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

பின்னணியைச் சமன்செய்யும் கருவிகள் மென்பொருளிலேயே இருக்கும்போது ஃபிளாட் எதற்கு?

அந்தக் கருவிகள் கழித்தல் செய்பவை. தெருவிளக்கும் நிலவொளியும் வானத்தின் மேல் கூடுதலாக வந்து சேர்ந்த ஒளி என்பதால், அவற்றைக் கழித்து நீக்குவது முறைதான். மூலை இருள் அப்படிப்பட்டதல்ல. அங்கே வானம், விண்மீன், நெபுலா அனைத்தும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன. கழித்தல் மூலம் பின்னணியை மட்டும் சமமாக்கினால் படம் பார்வைக்குச் சரியாகத் தோன்றும். மூலையில் உள்ள விண்மீன் இன்னும் 30 சதவீதம் மங்கலாகவே இருக்கும். ஆண்ட்ரோமீடாவைப் போல படச்சட்டம் முழுவதும் பரவிய பொருளாக இருந்தால், எது பொருளின் மங்கல், எது லென்ஸின் மங்கல் என்று அந்தக் கருவிக்குத் தெரியவும் வழியில்லை. தூசி வளையங்களைத் தூரிகையால் தடவி மறைப்பது ஓவியம், அளவீடு அல்ல.

முதலில் ஃபிளாட்டால் வகுக்க வேண்டும். நகர வெளிச்சத்தை நீக்குவது அதற்குப் பிறகுதான்.

எப்போது எடுக்க வேண்டும்?

இரவின் கடைசிப் படம் முடிந்ததும், எதையும் கழற்றும் முன். பனி விழுகிறது, தூக்கம் வருகிறது, வண்டியில் சாமான்களை ஏற்ற வேண்டும் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு ஒளிப்பலகை கையில் இருந்தால் பத்து நிமிடத்துக்குள் முடிகிற வேலை இது. அப்போது உண்மையிலேயே முடியவில்லை என்றால், கேமராவைத் தொலைநோக்கியோடு சேர்த்தே மூடிவைத்து எடுத்துவந்து மறுநாள் வீட்டில் எடுக்கலாம். வழியில் குலுங்கித் தூசி இடம் மாறக்கூடும் என்பதால் இது இரண்டாம்பட்சமே.

எதையெல்லாம் மாற்றக் கூடாது?

கேமரா திரும்பியிருக்கும் கோணம், ஃபோகஸ், ஃபில்டர், இடையில் உள்ள ரெட்யூசர் (குவியத்தூரத்தைக் குறைக்கும் லென்ஸ்) முதலிய கண்ணாடிகள், லென்ஸ் என்றால் அதன் துளை அளவு. பனித்தடுப்புக் குழாய் போட்டுப் படமெடுத்திருந்தால் அதுவும் இருந்த இடத்தில் இருக்கட்டும். கெயின் அல்லது ஐஎஸ்ஓ (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு), ஆஃப்செட் (கேமரா சேர்க்கும் அடிமதிப்பு) ஆகியவற்றையும் இரவில் வைத்தபடியே விட்டுவிடுவது நல்லது.

சென்சாரின் வெப்பநிலையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபிளாட்டுக்கான எக்ஸ்போஷர் குறுகியது. அதற்குள் வெப்ப இரைச்சல் பொருட்படுத்தும் அளவுக்குச் சேராது. எக்ஸ்போஷர் நேரமும் இரவுப் படத்தோடு பொருந்த வேண்டியதில்லை. ஐந்து நிமிடப் படங்களுக்கு ஐந்து நிமிட ஃபிளாட் எடுக்க முயல்பவர்கள் டார்க்குக்கான விதியை இங்கே கொண்டுவந்து போடுகிறார்கள்.

அந்தி வானத்தைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பெரிய வானியல் ஆய்வகங்களின் வழக்கமும் இதுதான். தொலைநோக்கி இருக்கும் கூண்டின் உட்சுவரில் தொங்கும் வெள்ளைத் திரையை விளக்கால் ஒளியூட்டி எடுப்பதும் அங்கே உண்டு. வளிமண்டலத்துக்கு மேலே அந்தி வானமும் கிடையாது, திரையும் கிடையாது என்பதால், ஹப்பிள் தொலைநோக்கிக்குக் கீழே விரைந்து நழுவும் பூமியின் பரப்பையே படம்பிடித்து ஃபிளாட் செய்திருக்கிறார்கள்.

அந்தி வானம் எங்கும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதில்லை. சூரியன் மறைந்த பக்கம் பளிச்சென்றும், எதிர்ப்பக்கம் சற்று இருண்டும் இருக்கும். உச்சியிலிருந்து சூரியனுக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ 13 டிகிரி தள்ளிய பகுதியில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. மாலையில் என்றால் உச்சிக்குச் சற்றுக் கிழக்கே, காலையில் என்றால் சற்று மேற்கே.

நம் ஊர் அந்தியில் ஒரு சிக்கல், அது சட்டென்று முடிந்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பிறகு அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே செல்லச் சென்னையில் 22 நிமிடம் போதும். லண்டனில் அரைமணி நேரத்துக்கும் மேல் ஆகும். வெளிநாட்டுக் கையேடுகளில் சொல்லப்படும் நிதானம் இங்கே கிடைக்காது. ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்போஷரை மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஐந்தாறு ஃபில்டர்கள் இருந்தால் மாலை அந்தியில் குறும்பட்டை ஃபில்டர்களை (ஒளியின் ஒரு குறுகிய பகுதியை மட்டும் உள்ளே விடுபவை) முதலில் முடித்துவிட்டு, அதிக ஒளியை உள்ளே விடுபவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இந்த வரிசை தலைகீழ். நினா போன்ற மென்பொருள்களில் எக்ஸ்போஷரைத் தானே கணித்து மாற்றும் வசதி இருக்கிறது.

வானம் இருளத் தொடங்கியதும் விண்மீன்கள் படத்தில் விழும். தொலைநோக்கி வானத்தைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டால் ஒவ்வொரு படத்திலும் அவை வேறு இடத்தில் விழும். எல்லாவற்றையும் சேர்க்கும்போது மென்பொருள் அவற்றை ஒதுக்கிவிடும். மேகத் துண்டு இருந்தால் அன்றைக்கு அந்தியை மறந்துவிடலாம். காலையில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சூரியன் ஏறும் திசையை நோக்கித் தொலைநோக்கியைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வெள்ளைத் துணியை மூடி எடுக்கும் முறை வேலை செய்யுமா?

செய்யும், செலவும் இல்லை. வெளிநாட்டவர் வெள்ளை டி-ஷர்ட் என்பார்கள். நமக்கு நல்ல பருத்தி வேட்டியின் கரையில்லாத பகுதி அதைவிடச் சிறப்பாகவே உதவும். இரண்டு மடிப்பாக, சுருக்கமே இல்லாமல் இழுத்துப் பிடித்து ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும். எம்பிராய்டரி வளையத்தில் துணியை மாட்டி வைத்தால் சுருக்கம் பற்றிய கவலை தீர்ந்தது. துணி ஒளியைச் சிதறடிப்பதால் அந்தி வானத்தின் சாய்வும் ஓரளவு மட்டுப்படுகிறது. தொலைநோக்கியை உச்சியை நோக்கி நிறுத்துங்கள். பக்கத்துச் சுவரோ மரமோ துணியின் ஒரு பாதிக்கு மட்டும் வெளிச்சம் தராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்இடி பலகை, டேப்லெட் திரை இவற்றில் எது மேல்?

ஓவியம் வரைவோர் கீழே வைத்து நகலெடுக்கும் எல்இடி பலகை, விலைக்கு மிக நல்ல கருவி. தொலைநோக்கியின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேரத்தையும் வானத்தையும் நம்பி இருக்க வேண்டியதில்லை என்பதால் என் தேர்வு இதுதான்.

ஆனால் இந்தப் பலகைகளில் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான், விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றும் வகையைச் சேர்ந்தது. எக்ஸ்போஷர் மிகக் குறுகியதாக இருந்தால் படத்தில் வரி வரியாகப் பட்டைகள் விழும். பலகையை முழு வெளிச்சத்தில் வைத்து, மேலே ஏ4 தாள்களை அடுக்கி மங்கலாக்குவதே இதற்கு மருந்து. தாள்கள் ஒளியை மேலும் சீராக்கவும் செய்யும். வீட்டு மின்விளக்கை ஒளியாகக் கொள்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. 1/1000 நொடிப் படம் அந்த ஏற்றத்தையோ இறக்கத்தையோ மட்டும் பிடிக்கும்.

டேப்லெட் அல்லது மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தும் எடுக்கலாம். சிறிய தொலைநோக்கிகளுக்குப் போதுமானது. பார்க்கும் கோணம் மாறினால் பல திரைகளின் வெளிச்சமும் மாறும் என்பதால் அகலக்கோண லென்ஸுக்கு ஏற்றதல்ல.

எக்ஸ்போஷர் எவ்வளவு?

பிக்சல் மதிப்புகளின் நடுப்பகுதி, கேமரா பதிவுசெய்யக்கூடிய உச்சத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். 16 பிட் அளவில் உச்சம் 65,535 என்றால் 25,000 முதல் 30,000 வரை. டிஎஸ்எல்ஆரில் துளை முன்னுரிமை முறையில் வைத்து எடுத்தால், ஹிஸ்டோகிராமின் (பிக்சல் மதிப்புகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் நிற்கும், அது போதும். ரா (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவு) வடிவத்தில்தான் எடுக்க வேண்டும். மிகக் குறைவாக எடுத்தால் இரைச்சல் மிகும். உச்சத்தை நெருங்கினால் சென்சாரின் பதில் நேர்கோட்டிலிருந்து விலகும், வகுத்தல் தவறாகும்.

வண்ணக் கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியே பாருங்கள். எல்இடி பலகையின் ஒளியில் நீலம் தூக்கலாக இருப்பது இயல்பு. ஃபிளாட் நீலமாகவோ பச்சையாகவோ தெரிந்தால் பதற வேண்டாம்; சிரில், பிக்ஸ்இன்சைட் போன்ற மென்பொருள்கள் நிறங்களைத் தனித்தனியே சமன்செய்யும் வசதி தருகின்றன. எந்த நிறமும் உச்சத்தைத் தொடாமலும், சிவப்பு தரையோடு தரையாகக் கிடக்காமலும் இருந்தால் சரி.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு நொடியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்படி ஒளியை மங்கலாக்கிக்கொள்வது பாதுகாப்பானது. பட்டைத் தொல்லை போய்விடும். இயந்திர ஷட்டர் கொண்ட கேமராக்களில் ஷட்டர் நகரும்போது படும் நிழலும் அடிபட்டுப்போகும். சில சிமாஸ் (CMOS) வகைச் சென்சார்கள் மிகக் குறுகிய எக்ஸ்போஷரில் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. சோனியின் ஐஎம்எக்ஸ்294 இதில் பெயர்பெற்றது. அதை வைத்திருப்பவர்கள் சில நொடிகள் நீளும் ஃபிளாட்டுகளையே எடுக்கிறார்கள்.

எத்தனை படங்கள் வேண்டும்?

25 எடுத்தால் பெரும்பாலும் போதும். காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு பிக்சலின் கொள்ளளவு 50,000 எலக்ட்ரான்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி நிரம்பினால் 25,000. ஒளியின் இயற்கையான தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், அதாவது 158 எலக்ட்ரான்கள். ஒரு ஃபிளாட்டில் 0.63 சதவீதப் பிழை. 25 படங்களைச் சராசரி எடுத்தால் பிழை ஐந்தில் ஒன்றாகி 0.13 சதவீதத்துக்கு இறங்கும்.

இரவு முழுவதும் 100 படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் வானப் பின்னணி பிக்சலுக்கு 1,000 எலக்ட்ரான்கள் என்றால், மொத்தம் 1,00,000. அதன் பிழை 0.32 சதவீதம். ஒரே ஒரு ஃபிளாட்டால் வகுத்தால் மொத்தப் பிழை 0.7 சதவீதமாகி, அந்த இரவின் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது. 25 ஃபிளாட்டால் வகுத்தால் 0.34 சதவீதத்தில் நிற்கும். 100 ஃபிளாட் எடுத்தாலும் 0.32 என்ற எல்லையைத் தாண்டி இறங்க முடியாது. படங்களுக்கு இடையே தொலைநோக்கியைச் சில பிக்சல்கள் நகர்த்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஃபிளாட்டின் இரைச்சல் இன்னும் குறைவாகவே உறுத்தும்.

ஃபிளாட்டுக்கு பயஸ் வேண்டுமா, ஃபிளாட்-டார்க் வேண்டுமா?

இரண்டில் ஒன்று போதும். ஃபிளாட்-டார்க் என்பது ஃபிளாட்டுக்குக் கொடுத்த அதே எக்ஸ்போஷர், அதே கெயினில் மூடியைப் போட்டு எடுப்பது. டிஎஸ்எல்ஆருக்கு, கேமரா தரும் மிகக் குறுகிய நேரத்தில் எடுத்த பயஸ் நன்றாகவே வேலை செய்யும். சிமாஸ் வானியல் கேமரா என்றால் ஃபிளாட்-டார்க்கே நம்பகமானது.

ஃபிளாட் போட்ட பிறகு மூலைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. ஏன்?

பெரும்பாலும் குற்றவாளி ஃபிளாட் அல்ல. இரவுப் படத்திலிருந்து பயஸோ டார்க்கோ கழிக்கப்படவில்லை. ஒவ்வொரு பிக்சலிலும் ஒளியோடு தொடர்பில்லாத ஒரு அடிமதிப்பைக் கேமரா சேர்த்தே எழுதுகிறது. அது 500 என்று வைத்துக்கொள்வோம். வானம் மையத்தில் 1,000, மூலையில் 700. கேமரா எழுதுவது 1,500, 1,200. இதை அப்படியே 0.7ஆல் வகுத்தால் மூலை 1,714 ஆகி மையத்தை மிஞ்சிவிடுகிறது. 500ஐக் கழித்துவிட்டு வகுத்தால் இரண்டும் 1,000.

அதே 500 ஃபிளாட்டிலிருந்து கழிக்கப்படாமல் போனால் விளைவு எதிர்த்திசையில் இருக்கும், ஆனால் சிறியது. மையம் 30,000, மூலை 21,000 என்ற ஃபிளாட்டில் 500 கூடினால் விகிதம் 0.70இலிருந்து 0.705 ஆகிறது, மூலை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருண்டிருக்கும்.

கழித்தல் எல்லாம் ஒழுங்காக நடந்தும் மூலை பொருந்தவில்லை என்றால் ஒளிக்கசிவைத் தேடுங்கள். நியூட்டன் வகைத் தொலைநோக்கிகளில் குழாயின் பின்பக்கம், ஃபோகஸரின் இடுக்கு ஆகியவை வழியாகப் பகலொளி நுழைவது சகஜம். கறுப்புத் துணியால் போர்த்தி எடுத்துப் பாருங்கள்.

தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிழலின் விட்டத்தைப் பிக்சலில் அளந்து, பிக்சலின் அளவாலும் தொலைநோக்கியின் எஃப் எண்ணாலும் (குவியத்தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்தது) பெருக்குங்கள். சென்சாரிலிருந்து தூசி இருக்கும் தூரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 3.76 மைக்ரான் பிக்சல், எஃப்/5 தொலைநோக்கி, 100 பிக்சல் அகல நிழல் என்றால் 1.9 மில்லிமீட்டர், தூசி சென்சாரை மூடிய கண்ணாடியின் மேலேயே இருக்கிறது. 800 பிக்சல் என்றால் 15 மில்லிமீட்டர். கேமராவின் முன்கண்ணாடியையோ ஃபில்டரையோ பாருங்கள். நடுவே ஓட்டையுள்ள வளையமாக நிழல் தெரிவது, நடுவில் இரண்டாம் ஆடி மறைக்கும் தொலைநோக்கிகளில். லென்ஸ் வகையில் அது முழு வட்டமாக இருக்கும்.

தொலைநோக்கியின் முன்லென்ஸில் உள்ள தூசி நிழலாகத் தெரியவே தெரியாது. அதைத் துடைத்துத் துடைத்துப் பூச்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனி ஃபிளாட் எடுக்க வேண்டுமா?

ஆம். ஒவ்வொன்றின் தூசியும் வேறு.

போன மாத ஃபிளாட்டை மறுபடியும் பயன்படுத்தலாமா?

மாடியில் நிரந்தரக் கூண்டு கட்டி, கேமராவைக் கழற்றாமலே வைத்திருப்பவர்களுக்குச் சில வாரங்கள் வரை ஓடும், புதுத் தூசி சேராத வரை. ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்டுபவர்களுக்கு ஒரு ஃபிளாட்டின் ஆயுள் ஒரு பூட்டல்தான்.

என் ஒளிமூலம் உண்மையிலேயே சீரானதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு தொகுதி எடுங்கள். தொலைநோக்கியைத் தொடாமல் பலகையை மட்டும் 90 டிகிரி திருப்பி இன்னொரு தொகுதி எடுங்கள். ஒன்றை மற்றொன்றால் வகுங்கள். வெற்றுச் சாம்பல் நிறமாக வந்தால் பலகை நல்லது. ஒரு பக்கம் சாய்வு தெரிந்தால் சாய்வு பலகையினுடையது. தாளைக் கூட்டுங்கள், அல்லது நான்கு திசைகளிலும் திருப்பி எடுத்துச் சராசரியைப் பயன்படுத்துங்கள்.

நிலா, சூரியன் படங்களுக்கும் ஃபிளாட் உண்டா?

உண்டு. நீண்ட குவியத்தூரத்தில் எஃப் எண் அதிகமாக இருப்பதால் சென்சார் தூசி இன்னும் கூர்மையாகத் தெரியும். சூரியனுக்கு, முன்பக்கச் சூரிய ஃபில்டரைக் கழற்றாமல், அதற்கு முன்னே ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் தாளைப் பிடித்து எடுக்கிறார்கள்.

ஃபிளாட் எடுக்காமலே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இனி என்ன செய்வது?

முழுதாகக் கைவிட வேண்டாம். கேமராவை அதே கோணத்தில், அதே ஃபோகஸில் முடிந்தவரை நெருங்கப் பொருத்தி, சுத்தம் எதுவும் செய்யாமல் ஃபிளாட் எடுங்கள். சென்சார் கண்ணாடியில் ஒட்டிய தூசி கேமராவோடுதான் பயணம் செய்கிறது. கேமரா திரும்பினாலும் அதன் நிழல் ஏறத்தாழ அதே பிக்சல்களில்தான் விழும், ஆகவே அந்த வளையங்கள் பெரும்பாலும் நீங்கிவிடும். மூலை இருளும் பெரும்பகுதி சரியாகும். கேமராவுக்கு வெளியே உள்ள ஃபில்டர், ரெட்யூசர் தூசிகள்தான் இடம் மாறி இரட்டை நிழலாகத் தெரியலாம். அவற்றைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். இன்னொரு வழி, பல இடங்களில் எடுத்த இரவுப் படங்களையே, விண்மீன்களை ஒதுக்கிச் சேர்த்து ஒரு போலி ஃபிளாட்டை உருவாக்குவது. சிறிய விண்மீன் மண்டலம் நடுவே இருக்கும் படங்களுக்கு, படத்துக்குப் படம் அது போதிய அளவு நகர்ந்திருந்தால், இது கைகொடுக்கும். சட்டம் முழுக்க நெபுலா பரவியிருந்தால் நெபுலாவையே அழித்துவிடும்.